பதிவேட்டில் ஏறிய காயம்

அரசு மருத்துவமனை வார்டுகளில் காலம் கழித்து ஓய்வு பெற்ற செவிலியர்களுக்கு, ஊசி குத்திய காயம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஸ்பிரிட் வாசனை. விரலில் ஊசி ஏறினால் அந்த இடத்தைப் பிழிந்து, ஸ்பிரிட் பஞ்சால் அழுத்திப் பிடித்தபடியே அடுத்த கட்டிலுக்குப் போவது அன்றைய வழக்கம். இன்று சர்க்கரை பரிசோதனைக்காக லேபில் கை நீட்டி உட்காரும்போது, ஈரப் பஞ்சு தோலில் பட்டுக் குளிர்ந்ததும் அந்த வாசனையோடு பழைய வார்டும் வந்துவிடுகிறது. எந்தக் கட்டில், எந்த நோயாளி, எந்த விரல் என்பதுகூட நினைவிருக்கும். ஆனால் அந்தக் காயங்களில் பெரும்பாலானவை எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

மருத்துவமனையில் நேரும் காயங்களிலேயே மிகச் சிறியது இது. தையல் வேண்டாம், கட்டு வேண்டாம். அரை மணி நேரத்தில் குத்திய இடமே தெரியாது. ஆனால் நோயாளியின் உடம்புக்குள் போய் வந்த ஊசி அவருடைய ரத்தத்தையும் கொஞ்சம் சுமந்து வருகிறது. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய மூன்று வைரஸ்களும் அந்தத் துளி வழியாக இன்னொருவருக்கு மாறக்கூடியவை. அறுவைக் கத்தி கையைக் கீறுவது, பிரசவ அறையில் ரத்தம் கண்ணில் தெறிப்பது, வெடிப்பு விழுந்த தோலில் ரத்தம் படுவது எல்லாமே இதே கணக்கில் சேர்பவைதான்.

கண்ணாடி சிரிஞ்சு காலத்தில் காலை டியூட்டி தொடங்குவதே ஸ்டெரிலைசரில் தண்ணீர் கொதிக்கும் சத்தத்தோடுதான். சிரிஞ்சின் உருளையையும் தண்டையும் தனித்தனியாகக் கழற்றி, துணியில் சுற்றி உள்ளே வைப்பார்கள். ஊசிகளுக்குத் தனித் தட்டு. ஒரே ஊசி ஒரே நாளில் பலருக்குப் போகும். முனை மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டுவார்கள். துளை அடைத்துக்கொண்டால் மெல்லிய கம்பியை நுழைத்து எடுப்பார்கள். முனையில் கொக்கி விழுந்திருக்கிறதா என்று பஞ்சில் இழுத்துப் பார்ப்பார்கள். அன்று விரலில் ஏறிய ஊசிகளில் பல இந்தக் கழுவும் தொட்டியடியில் ஏறியவை. சோப்பு நுரைக்கடியில் கிடக்கும் ஊசி கண்ணுக்குத் தெரியாது. தடவிப் பார்க்கும் கைக்குத்தான் முதலில் தெரியும்.

கையுறை அறுவை அரங்குக்கு மட்டுமே உரிய பொருளாக இருந்தது. அதையும் ஒரு முறை போட்டுக் கழற்றிவிட மாட்டார்கள். கழுவி, ஊதிப் பார்த்து, ஓட்டை இருந்தால் ஒட்டுப் போட்டு, கொடியில் காயவைத்து, பவுடர் தூவி மடித்து மறுபடி ஆட்டோகிளேவுக்கு அனுப்புவார்கள். வார்டில் ரத்தம் எடுப்பது, டிரிப் போடுவது, புண் கட்டுவது எல்லாம் வெறுங்கையால். சாப்பிடும் முன் லைசால் கலந்த தண்ணீரில் கை கழுவினால் போதும் என்ற நம்பிக்கை இருந்தது.

ஊசி குத்தியதை யாரிடமும் சொல்லாமல் இருப்பது அன்று நல்ல பழக்கமாகவே எண்ணப்பட்டது. பயிற்சி மாணவி சொன்னால் “பார்த்துப் பண்ணக் கூடாதாம்மா?” என்பதுதான் முதலில் வரும் பதில். பத்துத் தடவை குத்தினால்தான் கை பழகும் என்று மூத்தவர்கள் தேற்றுவார்கள். அவர்கள் பாசத்தோடு சொன்னதுதான். ஆனால் காயம் என்பது குத்துப்பட்டவரின் கவனக்குறைவு என்ற எண்ணம் அந்த வார்த்தையோடு சேர்ந்து மனசில் இறங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டு வேலை பார்ப்பவரே கெட்டிக்காரர் என்று ஆகிவிட்டது.

அந்த மௌனத்தின் விலை பல வார்டுகளில் காமாலையாக வந்தது. மாவட்ட மருத்துவமனை ஒன்றின் பெண்கள் வார்டில் வேலை பார்த்த செவிலியர் ஒருவருக்குத் திடீரென்று சோறு பிடிக்காமல் போனது. கண் மஞ்சளானது. விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் படுத்தார். புதிதாகப் பணியில் சேர்ந்திருந்த இளைய செவிலியர் தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து, தூக்குச் சட்டியில் எடுத்துப் போய்க் கொடுப்பார். “வெளிச் சாப்பாடு சாப்பிட்டியாக்கா? தண்ணி சரியில்லையோ?” என்றுதான் வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். சில மாதங்களுக்கு முன் கழுவும் தொட்டியடியில் விரலில் ஏறிய ஊசியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவர் உட்பட. பின்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அது பி வகைக் காமாலை என்று தெரிந்தது. மஞ்சள் இறங்கியது, வேலைக்கும் திரும்பினார். பல ஆண்டுகள் கழித்து, ஓய்வு வயதுக்கு முன்பே கல்லீரல் சுருங்கி இறந்துபோனார். குடும்ப ஓய்வூதியம் வந்தது. வேலையால் வந்த நோய் என்று சொல்ல ஒரு தாள்கூட இல்லை.

இந்த மூன்று வைரஸ்களில் எளிதாகத் தொற்றுவது ஹெபடைடிஸ் பி. உலர்ந்த ரத்தத்திலும் அது 7 நாள் வரை உயிர்ப்போடு இருக்கும். தடுப்பூசி போடாதவருக்கு, இந்த வைரஸ் உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் 100 பேரில் 6 முதல் 30 பேருக்கு வரை தொற்று வரலாம். எச்.ஐ.வி.யில் இது 0.3 சதவீதம், அதாவது ஏறக்குறைய 300 குத்துகளுக்கு ஒன்று. ஹெபடைடிஸ் சி-க்கு 1.8 சதவீதம் என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். பிந்தைய ஆய்வுகள் அதை 0.2 சதவீதம் வரை குறைத்துக் காட்டின. ஊர் முழுக்க எச்.ஐ.வி.யைக் கண்டு நடுங்கிய காலத்திலும் செவிலியருக்குப் பெரிய ஆபத்தாக இருந்தது காமாலைதான்.

அதற்குத்தான் தடுப்பும் முதலில் வந்தது. பாரூக் பிளம்பர்க் ஹெபடைடிஸ் பி வைரஸின் அடையாளத்தைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்றார். 1980-களில் தடுப்பூசி வந்தபோது அதன் விலை சாதாரணச் செவிலியருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 1997-ல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இந்தியாவிலேயே தயாரித்த தடுப்பூசியை வெளியிட்டதும் விலை இறங்கத் தொடங்கியது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது என்பது கணக்கு. மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பு அளவு 10-ஐத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டிருந்தால் அந்தக் கவலை தீர்ந்தது. இரண்டு ஊசியோடு நிறுத்திவிட்டு மூன்றாவதை மறந்துபோனவர்கள் எல்லா மருத்துவமனையிலும் உண்டு.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் முதன்முதலில் உறுதியானது. அதன் பிறகு வார்டுகளில் பேச்சின் தொனியே மாறியது. சில கட்டில்களின் அட்டையில் சிவப்பு மையில் குறி விழுந்தது. அந்தக் கட்டிலுக்குப் போக ஒருவர் இன்னொருவரைப் பார்ப்பார்கள். குறி இருக்கும் கட்டிலில் இரட்டைக் கையுறை, குறி இல்லாத கட்டிலில் பழையபடி வெறுங்கை. நோயாளிக்கு அது அவமானமாக இருந்தது, செவிலியருக்கும் அதனால் பாதுகாப்பு கிடைக்கவில்லை. பரிசோதனை செய்யாத ரத்தத்துக்கு யார் குறி போட முடியும்? எல்லோருடைய ரத்தத்தையும் ஒரே மாதிரி எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்ற பொது முன்னெச்சரிக்கை விதி அமெரிக்காவில் 1980-களின் நடுவில் உருவாகி, மெல்ல இங்கும் பயிற்சி வகுப்புகளில் நுழைந்தது. சிவப்பு மை மறைவதற்கு அதன் பிறகும் நாளானது.

ஒரு முறை போட்டுத் தூக்கி எறியும் பிளாஸ்டிக் சிரிஞ்சு வந்ததும் கழுவும் தொட்டியின் ஆபத்து தீர்ந்தது. வேறு வழியில் அது திரும்பி வந்தது. ஊசி போட்டு முடித்ததும் மூடியை இடது கையில் பிடித்து, வலது கையால் ஊசியை அதற்குள் நுழைக்கும் பழக்கம் பரவியது. மூடி போட்டால் பத்திரம் என்று பாடமாகவே சொல்லிக் கொடுத்தார்கள். இலக்கு ஒரு மில்லிமீட்டர் தவறினால் ஊசி இடது ஆள்காட்டி விரலில் ஏறும். மூடியைத் திரும்பப் போடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி அந்தக் கையை மாற்ற ஒரு தலைமுறை ஆனது. இன்று ஊசியின் அடிப்பகுதியை வெட்டும் கருவி டிராலியிலேயே இருக்கிறது. வெட்டிய ஊசி, எளிதில் துளைபடாத வெள்ளைப் பெட்டியில் விழுகிறது. முக்கால் பாகம் நிறைந்ததும் பெட்டியை மூடிவிட வேண்டும். கழுத்து வரை நிறைந்த பெட்டியில் இன்னொரு ஊசியைத் திணிக்கும் கைக்குத்தான் குத்து விழும்.

குத்திய பிறகு செய்யக்கூடியது ஒன்று உண்டு என்ற செய்தி 1990-களில் வந்தது. எச்.ஐ.வி. உள்ள ரத்தம் பட்ட ஊசியால் குத்துப்பட்டவர்களில், சிடோவுடின் மருந்தை உடனே எடுத்துக்கொண்டவர்களுக்குத் தொற்று வாய்ப்பு ஏறக்குறைய 81 சதவீதம் குறைந்தது என்று 1997-ல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஆய்வுக்கு ஆதாரமாக இருந்தவை பல நாடுகளில் மருத்துவப் பணியாளர்கள் தங்களுக்கு நேர்ந்ததை முன்வந்து சொல்லி எழுதிவைத்த குறிப்புகள். அவர்களும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பின்னால் வந்தவர்களுக்கு அந்த மருந்தின் பலன் தெரிந்திருக்காது.

ஊசி குத்தியதைச் சொல்வது என்றால் என்ன என்பதை ஒரு இரவு டியூட்டியை வைத்துச் சொல்லலாம். குழந்தைகள் வார்டு. வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்குப் பணியில் புதிதாகச் சேர்ந்த செவிலியர் டிரிப் ஏற்றிக்கொண்டிருக்கிறார். நரம்பு கிடைத்து, கேனுலாவிலிருந்து ஊசியை உருவும் நேரத்தில் குழந்தை கையை உதறியது. ஊசி கையுறையைத் துளைத்து மோதிர விரலில் ஏறியது. அவர் கையுறையைக் கழற்றிப் பார்த்தார். கடுகளவு ரத்தம். விரலைப் பிழிய மறு கை தானாகப் போனது.

“பிழியாதம்மா. வாயில வச்சிடாத. குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவு” என்ற குரல் மேசைப் பக்கமிருந்து வந்தது. அன்று பொறுப்பில் இருந்தவர், ஒரு காலத்தில் தூக்குச் சட்டியில் கீழாநெல்லி கொண்டுபோன அந்த இளைய செவிலியர். இப்போது அவருக்குத் தலை நரைத்திருந்தது.

“லேசாத்தான் சிஸ்டர். காலையில பார்த்துக்கலாம்.”

“காலையில வரைக்கும் அது காத்திருக்காது. மணி என்னன்னு பார்த்து எழுது. கழுவிட்டு வா, நான் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுறேன்.”

அந்தச் சில வாக்கியங்களுக்குள் இன்றைய நடைமுறை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஓடும் நீரில் சோப்பால் கழுவினால் போதும். பிழிந்தால் திசு நசுங்கும். ஸ்பிரிட்டும் டெட்டாலும் ஊற்றினால் தோல் எரிச்சல் காணுமே தவிர, அவற்றால் வைரஸ் தடுக்கப்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கண்ணில் ரத்தம் தெறித்தால் நல்ல தண்ணீரால் அல்லது சலைனால் கழுவ வேண்டும். சோப்பு கூடாது. பிறகு மருத்துவர் மூன்றைப் பார்ப்பார். காயம் எவ்வளவு ஆழம், எந்த வகை ஊசி, யாருடைய ரத்தம். துளையுள்ள தடித்த ஊசி, ஆழமான குத்து, கண்ணுக்குத் தெரியும் ரத்தம் என்றால் ஆபத்து கூடுதல்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் வேளையை 2 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்வது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பலன் இல்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். முன்பு நாளுக்குப் பல மாத்திரைகள் இருந்தன. குமட்டலும் சோர்வும் தாங்காமல் பாதியில் விட்டவர்கள் உண்டு. இப்போது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம், ஏ.ஆர்.டி. மையம் என்று எல்லோரும் அறிந்த இடங்கள் பரிசோதனைக்கும் மேல்சிகிச்சைக்கும் வழி காட்டுகின்றன. மையம் பூட்டியிருக்கும் இரவிலும் முதல் வேளை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அவசரப் பிரிவில் மருந்தை வைத்திருக்கச் சொல்கிறார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு ஆயத்த எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினை, கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள், தடுப்பூசியோடு சேர்த்துப் போடுவார்கள். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியும் இல்லை, குத்திய உடன் போடும் மருந்தும் இல்லை. தொற்று வந்ததா என்று பரிசோதித்துக்கொண்டே இருந்தால், வந்தாலும் இன்றைய மாத்திரைகள் 12 வாரத்தில் பெரும்பாலோரைக் குணப்படுத்திவிடும்.

அன்றிரவே அந்த இளம் செவிலியரின் ரத்தமும் எடுக்கப்பட்டது. அவர் கொஞ்சம் திகைத்தார். ஊசி குத்திச் சில நிமிடமே ஆன நிலையில் பரிசோதனை எதைக் காட்டும்? எதையும் காட்டாது என்பதே அதன் பயன். குத்திய நாளில் ரத்தம் சுத்தமாக இருந்தது என்று காட்டும் அந்த முதல் பரிசோதனை இருந்தால்தான், 6 வாரத்திலோ 3 மாதத்திலோ 6 மாதத்திலோ தொற்று தென்பட்டால் அது இந்த ஊசியால் வந்தது என்று சொல்ல முடியும். சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் அந்தத் தாளே அடிப்படை. குழந்தையின் தாயிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் சம்மதத்தோடு குழந்தையின் ரத்தமும் பரிசோதனைக்குப் போனது. சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை கூடாது என்பது சட்டம்.

பிறகு பதிவேடு திறக்கப்பட்டது. நீளமான நோட்டு, ஸ்கேலால் கோடு போட்ட கட்டங்கள். தேதி, நேரம், இடம், என்ன வேலை செய்துகொண்டிருந்தார், எந்தக் கருவி, கையுறை அணிந்திருந்தாரா, எந்த விரல், எவ்வளவு ஆழம், உடனே என்ன செய்தார், தடுப்பூசி விவரம், யாரிடம் எப்போது சொன்னார். இதில் ‘ஏன் கவனமில்லை’ என்று ஒரு கட்டம் இல்லை. மூத்த செவிலியர் எழுதி முடித்து, கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தார். “இதைப் பத்திரமா வச்சுக்க. சர்டிபிகேட் வச்சிருக்கிற ஃபைல்லயே வை” என்றார்.

பதிவேட்டின் இன்னொரு பயன் அமெரிக்காவில் தெளிவாகத் தெரிந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானின் ஜாகர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், யார் குத்திக்கொண்டார் என்பதை விட்டு எந்தக் கருவி குத்தியது என்று கணக்கெடுத்தார். சில கருவிகள் மற்றவற்றைவிடப் பல மடங்கு ஆபத்தானவை என்று தெரிந்தது. அங்கே 1991-ல் ரத்தவழித் தொற்றுக்கான பணிப் பாதுகாப்பு விதி வந்தது. 1998-ல் மாசசூசெட்ஸ் செவிலியர் கேரன் டேலி, ரத்தம் எடுத்த ஊசியைப் பெட்டியில் போடப் போனபோது விரலில் குத்துப்பட்டு, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி இரண்டுக்கும் ஆளானார். அவர் ஒளிந்துகொள்ளாமல் நாடு முழுவதும் பேசினார். 2000 நவம்பரில் ஊசிக்குத்துத் தடுப்புச் சட்டத்தில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். பாதுகாப்பான ஊசிகளை வாங்குவதும், எந்தக் கருவி எங்கே எப்படிக் குத்தியது என்று பெயர் வெளிவராமல் பதிவேடு வைப்பதும் அங்கே மருத்துவமனைகளின் கடமையாயின.

இந்தியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ன் உயிரி மருத்துவக் கழிவு விதிகள், கழிவைத் தொடும் பணியாளர் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடச் சொல்கின்றன. ஊசிக்குத்து அந்த விதிகளில் பெரிய விபத்தாகக் கருதப்படவில்லை. ஆனாலும் ஆண்டறிக்கையில் மற்ற விபத்துகளோடு அதையும் காட்ட வேண்டும். 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, முன்னெச்சரிக்கைப் பொருள்கள், அவற்றைப் பயன்படுத்தப் பயிற்சி, குத்திய பின் தடுப்பு மருந்து ஆகிய மூன்றையும் கொடுக்க வேண்டியது மருத்துவ நிறுவனத்தின் கடமை என்கிறது. தொற்று வந்துவிட்டது என்பதற்காக ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதையும் அதே சட்டம் தடுக்கிறது. 20 பேரும் அதற்கு மேலும் உள்ள மருத்துவ நிறுவனத்தில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும்.

இழப்பீட்டுச் சட்டம் இவற்றைவிடப் பழையது. 1923-ன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, மருத்துவப் பணியிலும் ஆய்வுக்கூடப் பணியிலும் தொற்றும் நோய்களைத் தொழில் நோய்களில் முதலாவதாக வைத்திருந்தது. அந்தப் பட்டியலில் உள்ள நோய் வந்தால் அது வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தின் 60 சதவீதத்தையும், இறப்புக்கு 50 சதவீதத்தையும், வயதுக்கேற்ற காரணியால் பெருக்கி இழப்பீடு கணக்கிடுவார்கள். 2009-ன் திருத்தம் சிகிச்சைச் செலவையும் சேர்த்தது. இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வரும் மருத்துவமனைகளில் அதே நோய்ப் பட்டியலோடு ஊனப் படியும், இறந்தால் குடும்பத்துக்குச் சார்ந்தோர் படியும் உண்டு. வேலையில் நேர்ந்த காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் கிடையாது. சேர்ந்த முதல் நாளிலேயே குத்துப்பட்டவருக்கும் உரிமை உண்டு. 2025 நவம்பரில் 1923-ன் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த நோய்ப் பட்டியலைத் தன்னுள் எடுத்துக்கொண்டிருக்கிறது.

காகிதத்தில் இருக்கும் இந்த உரிமை கடைசிப் படியில் நிற்பவர்களுக்குத்தான் எட்டுவதில்லை. அதே மருத்துவமனையில் பின்னொரு நாள், கழிவுப் பையைத் தூக்கிய தூய்மைப் பணியாளரின் தொடையில் ஊசி குத்தியது. பையில் போடக் கூடாத ஊசி. யாரோ அவசரத்தில் போட்டது. அவர் சேலையை இழுத்து மறைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். ஆயாம்மா ஒருவர் கவனித்து, கையைப் பிடித்து அழைத்து வந்தார். பதிவேட்டைக் கண்டதும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. “எழுதினா வேலை போயிடுமா சிஸ்டர்? சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடுவாரு.” அவருக்கு ஒரு தடுப்பூசியும் போட்டிருக்கவில்லை. யாருடைய ரத்தம் என்பதும் தெரியாது. அப்படிப்பட்ட குத்துக்கு மருந்து தருவதா என்பதை, அந்த ஊசி எந்த வார்டிலிருந்து வந்திருக்கும் என்பதை வைத்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஒப்பந்தக்காரரின் ஆள் என்று சொல்லி மருத்துவமனை விலகிக்கொள்ளவும் முடியாது. தன் தொழிலின் பகுதியான வேலைக்கு ஒப்பந்தக்காரர் வழியாக ஆள் வைத்தாலும், இழப்பீடு கொடுக்க வேண்டியவர் முதன்மை முதலாளி. கொடுத்ததை ஒப்பந்தக்காரரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளலாம். 1923-ன் சட்டத்தில் 12-ஆம் பிரிவு சொன்னது இதுதான். அதை அந்தப் பெண்ணுக்குச் சொல்ல அன்று அங்கே ஒருவர் இருந்தார். மூத்த செவிலியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, “வேலை போகாதும்மா. எழுதலைன்னாத்தான் நாளைக்கு ஒண்ணுன்னா கேக்க ஆளிருக்காது” என்று சொல்லி, அவர் சொல்லச் சொல்லத் தானே எழுதினார். கீழே பெருவிரல் ரேகை விழுந்தது. தடுப்பூசியின் முதல் தவணை அன்றைக்கே போடப்பட்டது.

பயிற்சி மாணவிகளின் நிலை இன்னும் சிக்கலானது. கை பழகாத காலம் என்பதால் குத்து அவர்களுக்கு அதிகம். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாததால் இழப்பீட்டுச் சட்டம் அவர்களுக்கு நேராகக் கை கொடுப்பதில்லை. தடுப்பூசியும் தடுப்பு மருந்தும் அவர்களுக்கும் கிடைக்க வேண்டும். வார்டில் கால் வைக்கும் முன்பே மூன்று தவணையும் முடிந்திருப்பது கல்லூரியின் பொறுப்பு.

குழந்தைகள் வார்டில் குத்துப்பட்ட அந்த இளம் செவிலியருக்கு 6 மாதப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்த நகல் இன்னும் அவருடைய சான்றிதழ் ஃபைலில் இருக்கிறது. தூய்மைப் பணியாளர் மூன்றாவது தவணைக்கும் நாள் தவறாமல் வந்தார். பெரும்பாலான ஊசிக்குத்துகள் இப்படி ஒன்றும் ஆகாமல்தான் முடிகின்றன. எது அப்படி முடியாது என்பது குத்திய அன்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கிறது.

கீழாநெல்லிக்குப் பின்னால் மறைந்துபோன அந்தச் செவிலியரின் ஊசிக்குத்து எங்கும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. அன்று அதற்கு மருந்து இல்லை. ஆனால் அவர் வேலை பார்த்ததால் இறந்தார் என்பதாவது அவர் பிள்ளைகளிடம் தாளில் இருந்திருக்கும். இன்று மருந்தும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. ஊசி குத்தினால் கழுவுங்கள், உடனே சொல்லுங்கள், எழுதவையுங்கள், நகலை வாங்கி வீட்டில் வையுங்கள். உங்களிடம் வந்து சொல்பவரிடம் “பார்த்துப் பண்ணக் கூடாதா” என்று கேட்காதீர்கள். மணி என்ன என்று மட்டும் கேளுங்கள்.